சிவப்பு மூடியா, ஆரஞ்சு மூடியா?

வணக்கம் மக்களே. சமையல் வீடியோ எங்கே என்று கேட்காதீர்கள். இன்றைக்கு எனக்கு வேறு ஒரு கோபம், கூடவே ஒரு சந்தோஷம்.

அப்பா சுகருக்கு இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர், அந்தப் புராணம் உங்களுக்குத் தெரியும். தெருமுனையில் புதிதாக ஒரு மெடிக்கல். கல்லாவில் இருந்த பையன் போனைப் பார்த்துக்கொண்டே பத்து ஊசியை எடுத்துப் போட்டான். 120 ரூபாய். அங்கே இன்சுலின் குப்பி இல்லை. அதை வாங்க நம்ம அக்கா கடைக்குப் போனேன். பழைய வீடியோவில் பார்த்திருப்பீர்களே, அந்த ஃபார்மசிஸ்ட் அக்கா. பையைப் பார்த்ததுமே, "இதை யாரும்மா கொடுத்தது?" என்றார்.

அப்பாவின் குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி ஊசி. பையன் கொடுத்தது ஆரஞ்சு மூடி, அது 100 யூனிட் மருந்துக்கு. அப்பாவுக்கு 20 யூனிட். ஆரஞ்சு ஊசியில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது எட்டுதான்! மாறி, 100 குப்பிக்குச் சிவப்பு ஊசி என்றால் 20 என்பது 50 ஆகிவிடும். ஆளே மயங்கிவிடுவார்.

திருப்பிக் கொடுக்கப் போனால், "ஊசி ரிட்டர்ன் கிடையாது." பிரிக்கவே இல்லை தம்பி! 120 ரூபாய். வீட்டில் எல்லாருக்கும் வடையும் டீயும் ஆகியிருக்கும். நம் நாட்டின் 2015 மருந்தாளுநர் பணி விதிமுறையிலேயே நோயாளிக்கு விளக்கிச் சொல்வது பதிவுபெற்ற ஃபார்மசிஸ்ட்டின் வேலை என்று இருக்கிறது. இங்கே சான்றிதழ் சுவரில் தொங்கும், ஆள் இருக்க மாட்டார். இந்த மாதிரிக் கடைகளைக் கண்டாலே எனக்கு ஆகாது.

ஆங், முக்கியமானதை விட்டுவிட்டேன். அக்கா அதோடு விடவில்லை. அப்பாவை வரச் சொல்லி வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தோலுக்கடியில் தடிப்பு. அங்கே போட்டால் மருந்து ஒழுங்காகச் சேராதாம். இடத்தை மாற்றச் சொல்லி அனுப்பியிருக்கலாம் இல்லையா? நல்ல இடத்தில் போட்டதும் மருந்து முழுசாகப் பிடித்துச் சுகர் தடாலென்று இறங்கலாம் என்று டாக்டருக்கே போன் போட்டார். டாக்டரும் அளவைக் குறைத்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிற டாக்டரும் மாதாமாதம் பார்க்கிற அக்காவும் பேசிக்கொண்டால் இப்படித்தான்.

அமெரிக்காவில், வட கரோலைனாவின் ஆஷ்வில் நகராட்சி 1990களிலேயே தன் ஊழியர்களுக்கு இதைச் செய்தது. ஃபார்மசிஸ்ட்டிடம் உட்கார்ந்து பேசி வந்தால் சுகர் மருந்துக்குக் கைக்காசு வேண்டாம். சுகரின் மூன்று மாதச் சராசரி இறங்கியது, மருத்துவச் செலவும் குறைந்தது.

இப்போது அப்பா வெறும் வயிற்றுச் சுகர் அளவைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதுகிறார். அடுத்த வீடியோவில் காட்டுகிறேன். முகம் மட்டும் காட்ட மாட்டாராம்.