அலை வரும் முன்னே, பெயர் வரும்

வணக்கம் நேயர்களே.

முதலில் ஒரு வரியை வாசித்துவிடுகிறேன். "நாலடி, 14 நொடி, தென்மேற்கு ஸ்வெல், லேசான ஆஃப்ஷோர், செட் நின்று நின்று வருகிறது."

சர்ஃபிங் பலகையோடு கடலுக்குக் கிளம்புகிறவர்கள் கண்விழித்ததும் தேடுகிற தகவல் இந்த மாதிரிதான் இருக்கும். நமக்கு இது புரியாத பரிபாஷை. பழகியவருக்கோ இந்த ஒரு வரி போதும். எந்தக் கரைக்குப் போவது, எந்தப் பலகையை எடுப்பது, இல்லை போர்வையை இழுத்துக்கொண்டு இன்னும் ஒரு மணி நேரம் தூங்குவதா என்பதுவரை முடிவு செய்துவிடுவார்.

அலைச்சறுக்குக்காரர்கள் அலைகளுக்கு ஏகப்பட்ட பெயர் வைத்திருக்கிறார்கள். இதைப் பலரும் ஒரு ரசனையாக நினைக்கிறார்கள். ரசனையும் உண்டுதான். ஆனால் தண்ணீரில் பலகைமேல் உட்கார்ந்திருப்பவருக்கு, எதிரே எழும்பி வருகிற அலையைப் பார்த்து முடிவெடுக்கச் சில நொடிகள்தான் கிடைக்கும். அந்த அலை அடுத்து என்ன செய்யப்போகிறது என்று சொல்லாத பெயரால் அங்கே யாருக்கும் பயனில்லை. அதனால்தான் அவர்களுடைய சொற்களைக் கேட்டாலே கடலின் இயற்பியல் பாதி விளங்கிவிடுகிறது. நான் வாசித்த அந்த வரியையே எடுத்துக்கொள்வோம்.

புதிதாகக் கேட்பவர்கள் "நாலடி"யைத்தான் பிடித்துக்கொள்வார்கள். என்னைக் கேட்டால் அந்த வரியில் முக்கியமானது "14 நொடி". ஓர் அலைமுகடு கடந்து அடுத்த முகடு வருவதற்கு ஆகும் நேரம் அது. பீரியட் என்பார்கள். ஆழ்கடலில் இந்த ஒரு எண் தெரிந்தால் அலையின் வேகம், நீளம் இரண்டையும் கணக்கிட்டுவிடலாம். 7 நொடி அலையில் முகட்டுக்கும் முகட்டுக்கும் நடுவே சுமார் 76 மீட்டர். 14 நொடி அலையில் ஏறக்குறைய 300 மீட்டர். பீரியட் இரண்டு மடங்கானால் நீளம் நான்கு மடங்கு. உயரம் இரண்டுக்கும் அதே நாலடியாக இருந்தாலும், கரைக்கு வந்து சேர்கிற ஆற்றல் 14 நொடி அலையில் சுமார் இரண்டு மடங்கு.

காற்று கிளப்பிவிட்டுக் கடல்மீது பயணித்து வரும் அலைத்தொடருக்குத்தான் ஸ்வெல் என்று பெயர். தென்மேற்கு ஸ்வெல் என்றால் தென்மேற்கிலிருந்து வருவது. 7 நொடிக்காரருக்குப் பெயர் விண்ட் ஸ்வெல். பக்கத்தில் எங்கோ அடித்த காற்றில் பிறந்தது. நெருக்கமாக, ஒழுங்கில்லாமல், ஒன்றன்மேல் ஒன்று விழுந்துகொண்டு வரும். 14 நொடிக்காரர் கிரவுண்ட் ஸ்வெல். எங்கோ தொலைவில் பெரும்புயல் ஒன்று பரந்த கடல்மீது நாள்கணக்கில் வீசியதில் கிளம்பியவர். புயலே அடங்கிப் போயிருக்கும், இவர் மட்டும் நடந்துகொண்டே இருப்பார். 14 நொடி அலைகளின் ஆற்றல் மணிக்குச் சுமார் 39 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது. 4,000 கிலோமீட்டர் தள்ளிப் பிறந்திருந்தால் கரைசேர நாலு நாளுக்கு மேல் ஆகும். இதே புயலில் பிறந்த 20 நொடி அலைகள் மூன்றே நாளில் வந்துவிடும். 10 நொடி அலைகள் வர ஆறு நாள். அதாவது நீளமானவர்கள் முந்திக்கொள்கிறார்கள். காலையில் 18 நொடி, மாலையில் 16, மறுநாள் 14 என்று அறிக்கை இறங்கிக்கொண்டே வந்தால், ஒரே புயலின் ஊர்வலம் நம்மைக் கடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இதை நிரூபித்துக் காட்டியவர்களில் முதன்மையானவர் கடலியல் அறிஞர் வால்டர் மங்க். இரண்டாம் உலகப் போரில், படைகளைக் கரையிறக்க ஏற்ற நாளைக் குறிப்பதற்காக, ஹரால்ட் ஸ்வெர்ட்ரப்புடன் சேர்ந்து அலைகளை முன்கணிக்கும் முறையை உருவாக்கியவர். 1963-ல் அவரும் அவர் குழுவினரும் நியூசிலாந்திலிருந்து அலாஸ்கா வரை பசிபிக்கின் குறுக்கே வரிசையாக அளவுக்கருவிகளை வைத்தார்கள். அண்டார்டிகாவை ஒட்டிய கடலில் புயல்கள் கிளப்பிய அலைகள் பூமத்திய ரேகையைத் தாண்டி அலாஸ்கா போய்ச் சேர்வதைப் பதிவு செய்தார்கள். இன்று சர்ஃபர்கள் கைப்பேசியில் பார்க்கிற முன்னறிவிப்புக்கு அந்தக் காலத்து வேலைதான் அடித்தளம்.

சரி, அடுத்தது "செட்". அலைகள் சீராக ஒரே அளவில் வருவதில்லை. சிறியதாகச் சில வரும், அப்புறம் மூன்று நாலு பெரியவை கூட்டமாக வரும். அந்தக் கூட்டம்தான் செட். நடுவே கடல் சும்மா கிடக்கிற இடைவேளைக்கு லல். கரையில் நின்று ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு "இன்றைக்குக் கடல் அமைதி" என்று இறங்குகிறவர்கள் பெரும்பாலும் லல்லைப் பார்த்து ஏமாந்தவர்கள். பதினைந்து இருபது நிமிடமாவது பார்க்க வேண்டும். இதில் இன்னொரு வகை உண்டு: கிளீன்-அப் செட். வழக்கமான இடத்துக்கும் வெளியே, இன்னும் ஆழத்திலேயே உடைகிற பெரிய செட். காத்திருக்கும் அத்தனை பேரையும் பலகையோடு வாரிச் சுருட்டிக் கொண்டுபோய்விடும். தொலைவில் அது தெரிந்தவுடன் யாராவது "அவுட்சைட்!" என்று கத்துவார். அதைக் கேட்டதும் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு ஆழத்தை நோக்கித் துடுப்பாகக் கைகளைப் போடுவார்கள்.

இதுவரை சொன்னது அலையின் பிறப்பும் பயணமும். அது எப்படி உடையும் என்பதைத் தீர்மானிப்பது அடிநிலம். தன் நீளத்தில் பாதி ஆழத்துக்கு வரும்போதே அலைக்குத் தரை தட்டுப்பட ஆரம்பிக்கிறது. 14 நொடி அலை 150 மீட்டர் ஆழத்திலேயே தரையை உணரும். பிறகு வேகம் குறைகிறது, நீளம் சுருங்குகிறது, உயரம் ஏறுகிறது. தண்ணீரின் ஆழம் அலையின் உயரத்தைப்போல் சுமார் 1.3 மடங்காகக் குறையும்போது முகடு முந்திக்கொண்டு கவிழ்கிறது.

அடிநிலம் மணலாக இருந்தால் பீச் பிரேக். மணல்திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். போன மாதம் அருமையாக உடைந்த இடம் இந்த மாதம் ஒன்றுமில்லாமல் கிடக்கலாம். பவளப்பாறையோ கற்பாறையோ இருந்தால் ரீஃப் பிரேக். பாறை நகராது, அதனால் அலையும் வாக்கு மாறாது. விழுந்தால் மட்டும் தோல் உரியும். நிலமுனையைச் சுற்றி வளைந்து, முனையின் ஓரமாகவே உடைந்துகொண்டு போவது பாயிண்ட் பிரேக். தென்னாப்பிரிக்காவின் ஜெஃப்ரீஸ் பே, பெருவின் சிகாமா எல்லாம் இந்த வகை. சிகாமாவில் கால் வலிக்கும் வரை ஒரே அலையில் போகலாம் என்பார்கள்.

ஒலிம்பிக்கைப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு கண்முன் வரும். டோக்கியோ ஒலிம்பிக்கில் சர்ஃபிங் நடந்தது சுரிகாசாகி கடற்கரையில். அது பீச் பிரேக். இறுதி நாளில் பக்கத்தில் ஒரு வெப்பமண்டலப் புயல் வேறு. அலைகள் தாறுமாறாக உடைய, எது நல்ல அலை என்று தேடிப் பிடிப்பதே பாதிப் போட்டியாக இருந்தது. 2024-ல் அதே போட்டி டஹிட்டித் தீவின் தியாஹுபோவில். ரீஃப் பிரேக், அதிலும் கடுமையான வகை. ஆழ்கடலிலிருந்து பவளப்பாறை திடுதிப்பென்று மேலே எழுகிறது. அலைக்கு வேகம் குறைக்க நேரமே இல்லை. வந்த வேகத்தில் பாறையில் இடறி, ஆளைவிடப் பருமனான தண்ணீர்ப் பாளமாகக் கவிழ்கிறது. இந்த வகைக்கு ஸ்லாப் என்று பெயர்.

அடிநிலம் மெல்லச் சரிந்தால் முகடு நுரைத்து வழிந்துகொண்டே வரும். அதை மஷ்ஷி என்பார்கள், கொஞ்சம் ஏளனத்தோடு. அந்த ஏளனத்தில் எனக்கு உடன்பாடில்லை. புதிதாகக் கற்பவர்களுக்கு அதைவிட நல்ல அலை கிடையாது. மன்னிக்கும், எழுந்து நிற்க நேரம் கொடுக்கும்.

சட்டென்று ஆழம் குறைந்தால் முகடு முன்னே எறியப்பட்டு வளைந்து விழும். உள்ளே காற்றுக் குழாய் உண்டாகும். அதுதான் பேரல், அல்லது ட்யூப். இதற்குள் போவதற்குத்தான் பலர் வாழ்நாளையே செலவழிக்கிறார்கள். அங்கே ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பெயர். தலைக்குமேல் எறியப்படும் விளிம்பு லிப். பலகை ஓடுகிற சரிவு ஃபேஸ். உடைகிற இடத்தை ஒட்டிய செங்குத்துப் பகுதி பாக்கெட். அலையின் இயக்கவிசை அங்கேதான் அதிகம். இன்னும் உடையாமல் தள்ளிச் சாய்ந்திருக்கும் பகுதி ஷோல்டர். அங்கே போய்விட்டால் வேகம் செத்துவிடும், திரும்பி பாக்கெட்டுக்கு வர வேண்டும். குழாய்க்குள் பின்னாலிருந்து கொதித்துக்கொண்டு துரத்திவரும் நுரை உருண்டை ஃபோம் பால். பலகையின் வால் அதில் ஏறிவிட்டால் பிடிமானம் போய்விடும். குழாயின் பின்பகுதி இடிந்து அடைபடும்போது, உள்ளே சிக்கிய காற்று அழுத்தம் தாங்காமல் சாரலைப் பீய்ச்சிக்கொண்டு வாய்வழியே வெளியேறும். அதற்கு ஸ்பிட். ஆள் உள்ளே மறைந்து, ஒரு நொடி ஒன்றுமே தெரியாமல், அலை வெள்ளையாகத் துப்பி, அந்தத் துப்பலுக்குள்ளிருந்து அவர் நின்றபடியே வெளியே வந்தால் கரையே ஆர்ப்பரிக்கும்.

எல்லாப் பேரலும் இப்படிக் கதவைத் திறந்து வைப்பதில்லை. நீண்ட அலை முழுவதும் ஒரே நேரத்தில் கவிழ்ந்தால் அது க்ளோஸ்-அவுட். பக்கவாட்டில் ஓட இடமே இருக்காது. கரையை ஒட்டி முழங்கால் ஆழத்தில் தொம்மென்று விழுகிற ஷோர் பிரேக்கும் இதன் உறவுதான். அதில் கழுத்து முறிந்தவர்கள் உண்டு, பெரும்பாலும் குளிக்க வந்தவர்கள். எந்தச் சொல்லை முதலில் கற்க வேண்டும் என்று கேட்டால் பேரலைச் சொல்லமாட்டேன், க்ளோஸ்-அவுட்டைத்தான் சொல்வேன்.

நல்ல அலை ஒரு முனையில் உடைய ஆரம்பித்து வரிசையாக உடைந்துகொண்டே போகும். முதலில் உடையும் உச்சி பீக். அலைமேல் கரையை நோக்கிச் சறுக்கி வருபவருக்கு வலப்பக்கமாக அலை உடைந்து போனால் ரைட், இடப்பக்கமாகப் போனால் லெஃப்ட். கரையில் நின்று பார்ப்பவருக்கு இது நேர்மாறாகத் தெரியும். குழம்ப வேண்டாம், தண்ணீரில் இருப்பவர் சொல்வதுதான் கணக்கு. பீக்கின் இரு பக்கமும் ஓட முடிந்தால் ஏ-ஃப்ரேம். ஹவாயின் பைப்லைன் உலகப்புகழ் பெற்ற லெஃப்ட். அதே பீக்கிலிருந்து எதிர்ப்பக்கம் ஓடும் ரைட்டுக்குத் தனிப்பெயரே உண்டு: பேக்டோர்.

ஆஃப்ஷோர் இன்னும் பாக்கி. பள்ளிக்கூடத்தில் படித்த நிலக்காற்றுதான் அது. கரையிலிருந்து கடலை நோக்கி வீசி, கவிழப்போகிற முகட்டைத் தாங்கிப் பிடிக்கும். அலை இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து, தாமதமாகக் குழாயாக உடையும். கடற்காற்று, அதாவது ஆன்ஷோர், முகட்டைப் பின்னாலிருந்து தள்ளி முன்கூட்டியே நொறுக்கிவிடும். பரப்பெல்லாம் குட்டி அலை முளைத்தால் சாப்பி. ஓடவே முடியாத அளவுக்குக் கெட்டுவிட்டால் ப்ளோன் அவுட். காற்றே இல்லாமல் பரப்பு பளபளவென்று இருந்தால் கிளாஸி. விடியற்காலையில் எல்லோரும் அடித்துப்பிடித்துக்கொண்டு கடலுக்கு ஓடுவது, நிலம் சூடேறிக் கடற்காற்று கிளம்புவதற்குள் சறுக்கிவிட்டு வரத்தான்.

கடைசியாக அந்த "நாலடி". இதில்தான் சண்டையே. ஹவாயில் பழைய வழக்கப்படி அலையின் முதுகுப்பக்கத்தை மனத்தில் வைத்து உயரம் சொல்வார்கள். முன்பக்கச் சரிவு கிட்டத்தட்ட அதன் இரண்டு மடங்கு இருக்கும். அவர்கள் அலட்சியமாக "ஆறடி" என்று சொல்வதை நம்பி இறங்கினால், எதிரே நிற்பது பன்னிரண்டடிச் சுவர். இது அடக்கமா, வீறாப்பா என்று எனக்கு எப்போதும் சந்தேகம். இந்தக் குழப்பம் வேண்டாம் என்று பலர் உடம்பையே அளவாக வைத்துக்கொண்டார்கள்: முழங்கால் அளவு, இடுப்பளவு, தலையளவு, தலைக்குமேல், அதில் இரண்டு மடங்கு.

சாதனை அளவிலும் இதுவேதான் நடக்கிறது. போர்ச்சுகலின் நசாரேயில் கரையருகே ஆழ்கடல் பள்ளத்தாக்கு ஒன்று வந்து முடிகிறது. பள்ளத்தின் மேல் வரும் அலை வேகம் குறையாமல் வர, பக்கத்து ஆழமற்ற பகுதியில் வரும் அலை தளர்ந்து வளைய, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மலைபோல் எழுகின்றன. அங்கே 2020 அக்டோபர் 29-ஆம் தேதி ஜெர்மனியின் செபாஸ்டியன் ஸ்டாய்ட்னர் சறுக்கிய அலையை 26.21 மீட்டர் என்று 2022-ல் கின்னஸ் ஏற்றுக்கொண்டது. அளக்க ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆயிற்று. ஓடுகிற அலையில் அளவுகோலை நட முடியுமா? படங்களை வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட வேண்டும். உச்சி எது என்பதில் தகராறில்லை. அலையின் அடி எங்கே தொடங்குகிறது, எந்தத் தண்ணீர்வரை அலை, எது வெறும் கடல் என்பதில்தான் ஒவ்வொரு சாதனைக்குப் பிறகும் வாக்குவாதம். அடுத்த பெரிய அலைக்கும் இது நடக்கும்.

நேரம் முடிந்தது. கேட்டுக்கொண்டிருந்ததற்கு நன்றி, வணக்கம்.