ரப்பர் ஷீட்டும் பச்சை மண்ணும்: ஒரு காட்டுக் கண்காட்சி

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஓர் ஓவியக் கண்காட்சி நடத்த நினைத்தால் முதலில் திண்டாட வேண்டியது இடத்துக்கு. கல்யாண மண்டபங்களுக்குக் குறைவில்லை. ஆனால் ஓவியம் விற்ற காசில் மண்டபத்துக்கு வாடகை கட்டிய ஓவியரை நான் இதுவரை பார்த்ததில்லை. பள்ளிக்கூட வகுப்பறை கேட்கலாம். அதற்கு விடுமுறை வர வேண்டும், சாவி வைத்திருப்பவர் ஊரில் இருக்க வேண்டும். இந்தத் தொல்லையெல்லாம் எதற்கு என்று சில இளைஞர்கள் காட்டுக்குள் போய்விட்டார்கள். கவின்கலைக் கல்லூரியில் படித்து முடித்தவர்கள், பாதியில் விட்டவர்கள், கல்லூரிப் பக்கமே போகாதவர்கள் எல்லாரும் கலந்த கூட்டம். அதில் இரண்டு பேர் என்னிடம் பள்ளியில் ஓவியம் படித்த பிள்ளைகள். "டீச்சர், நீங்க வந்து பாத்துட்டு உள்ளத உள்ளபடி சொல்லணும்" என்று கூப்பிட்டார்கள். ஓணம் கழிந்த வாரம் போய்ப் பார்த்தேன். உள்ளதை உள்ளபடி சொல்லத்தான் இப்போது வந்திருக்கிறேன்.

காடு என்றதும் பேச்சிப்பாறைக்கு மேலே, கோதையாறு பக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். இது தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவில், பேருந்து ஹார்ன் சத்தம் கேட்கிற தூரத்தில் இருக்கும் ஒரு துண்டுக் காடு. மூன்று பக்கமும் ரப்பர், நான்காவது பக்கம் புதிதாகக் கல் நட்ட வீட்டுமனைகள். ஒரு குடும்பத்தின் பழைய காவு, அதாவது நாகர் கற்களை வைத்துக் கும்பிடுகிற சிறு காடு. வெட்டினால் நாக தோஷம் என்ற பயத்தில் தலைமுறை தலைமுறையாகத் தப்பித்து வந்திருக்கிறது. உள்ளே அயனியும் மருதமும் புன்னையும் பின்னிக்கொண்டு நிற்கின்றன. இடத்தின் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று உடைமைக்காரர் கேட்டுக்கொண்டார். கண்காட்சி முடிந்த பிறகும் ஆட்கள் வந்து பிறந்தநாள் கேக் வெட்டிக்கொண்டிருக்கிறார்களாம்.

காட்டுக்குள் ஓவியம் வைப்பவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது வெளிச்சத்தை. இலைகள் சூரிய ஒளியில் சிவப்பையும் நீலத்தையும் பெருமளவு உறிஞ்சிக்கொண்டு பச்சையைத்தான் அதிகமாகக் கீழே விடுகின்றன. அதனால் அடர்ந்த மரத்தடியில் நல்ல குங்குமச் சிவப்பு கூடக் காய்ந்த ரத்தம் மாதிரி மங்கிவிடும். வெள்ளையும் மஞ்சளும் மட்டும் எழுந்து நிற்கும். ஒரு பையன் கொடிகளுக்கு நடுவே முழம் முழமாகச் சிவப்புத் துணி கட்டியிருந்தான். வீட்டு மொட்டைமாடியில் விரித்துப் பார்த்தபோது அமர்க்களமாக இருந்ததாம். இங்கே அது இருப்பதே தெரியவில்லை. இன்னொரு பெண் பாறை மேல் வெறும் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்திருந்தாள். அது வழி முழுக்கக் கூடவே வந்தது.

அடுத்தது காற்று. பனையோலையில் விசிறிகளும் ஊதல்களும் செய்து மரக்கிளைகளில் தொங்கவிட்டிருந்தார்கள். செய்நேர்த்தி என்றால் அப்படி ஒரு செய்நேர்த்தி. ஓலைப்பெட்டி முடைந்து பழகிய வீட்டுப் பிள்ளையின் கை என்று பார்த்ததும் தெரிந்தது. ஆனால் சத்தம் இல்லை. இந்த மாதிரிக் காவுக்குள் காற்று நுழையாது. மேல் கிளைகளோடு போய்விடும். இதையே ஆரல்வாய்மொழிக் கணவாயில், அந்தக் காற்றாலைகளுக்குக் கீழே கட்டியிருந்தால் ஊரைக் கூட்டியிருக்கும். செய்தவரிடம் இதைச் சொன்னேன். ஆடியில் அங்கே கட்டிப் பார்க்கிறேன் என்றார்.

சரி, என்னை நிறுத்தி வைத்த வேலைக்கு வருகிறேன். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற ஒரு தொழிலாளியின் மகள் செய்தது. ரப்பர் தோட்டம் முடிந்து காவு தொடங்குகிற இடத்தில், கமுகு மரங்களுக்கு நடுவே கயிறு கட்டி, ரப்பர் ஷீட்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தாள். அவ்வளவுதான். ரப்பர் பாலை உறைய வைத்துத் தட்டையாக்கி, நம் ஊரில் எந்த வீட்டு முற்றத்திலும் காய்கிற அதே ஷீட். ரோலரில் போட்டு அழுத்திய கோடுகள் அப்படியே இருந்தன. சிலது புகை காட்டிப் பழுப்பானவை, சிலது இன்னும் வெள்ளை மாறாதவை. அவற்றின் பின்பக்கம் காலை வெயில் விழுந்ததும் ஒவ்வொன்றும் தேன் நிறத்தில் எரிய ஆரம்பித்தது. இடையில் நடந்து போகலாம். அந்த மணம் உங்களுக்குத் தெரியும். பேருந்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் முகம் சுளிப்போமே, அதேதான். வாழ்நாள் முழுக்க இந்த ஷீட்டைப் பார்த்திருக்கிறேன். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

அங்கே நின்றபோது பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டுகிற பெரியவர் ஒருவரும் வந்தார். ஒரு ஷீட்டின் ஓரத்தை விரலால் இழுத்துப் பார்த்தார்.

"நாலாம் நம்பர் ஷீட்டு டீச்சரே. நல்லா புகை பிடிச்சிருக்கு. இத வித்தா காசு கிடைக்கும். இங்க கெடந்து வெயில் பட்டா இளகி ஒட்டிப்போகும்."

அந்தப் பெண் சொன்னாள்: "தெரியும் மாமா. ஒட்டட்டும். ஒட்டி ஒண்ணாகிறதத்தான் பாக்கணும்."

"ஒட்டினா ஒட்டுப்பால் விலைக்குத்தான் போகும் மக்களே" என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு. மரத்தில் வெட்டின இடத்தில் உறைந்து கிடக்கிற மட்டமான ரப்பர்தான் ஒட்டுப்பால்.

கலை விமர்சனம் என்று பத்திரிகைகளில் எத்தனையோ வருகிறது. ஒரு பொருளை இவ்வளவு கூர்மையாகப் பார்த்துச் சொன்ன விமர்சனம் அதில் அதிகம் இல்லை. அவருக்கு அதன் தரம் தெரியும், விலை தெரியும், வெயில் அதை என்ன செய்யும் என்பதும் தெரியும். அந்தப் பெண்ணுக்கும் அதெல்லாம் தெரியும். தெரிந்தேதான் தொங்கவிட்டிருக்கிறாள். காட்டில் வைக்கிற வேலைக்கு நான் கேட்பது இதைத்தான்: இந்தப் பொருளை வெயிலும் மழையும் என்ன செய்யும் என்று செய்தவர் யோசித்தாரா? நம்முடைய மாவட்டத்துக்கு இது இன்னும் பொருந்தும். ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழை, ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு. வருடத்துக்கு இரண்டு முறை வானம் வந்து பரீட்சை வைத்துவிட்டுப் போகும்.

இந்தக் கேள்வி புதிதும் அல்ல. மார்த்தாண்டத்திலிருந்து கொஞ்சம் போனால் சிதறால் மலை. அங்கே பாறையில் சமணத் தீர்த்தங்கரர்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள், பாம்பு படம் எடுத்து நிற்கிற பார்சுவநாதரும் சிங்கத்தோடு அம்பிகையும் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டு வேலை. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளை அங்கே சுற்றுலா கூட்டிக்கொண்டு போவோம். மழையிலும் வெயிலிலும் நின்றும் உருவங்கள் தெளிவாகவே இருக்கின்றன. அதே காலத்தை ஒட்டிய திருநந்திக்கரைக் குகைக்குப் போய்ப் பாருங்கள். பாறைக்குள் குடைந்த கோயில், சுவரில் ஓவியம் தீட்டியிருக்கிறார்கள். இன்று அங்கங்கே சில கோடுகளும் நிறத் திட்டுகளும்தான் மிச்சம். கூரை இருந்தும் வண்ணம் நிற்கவில்லை, கூரை இல்லாமலும் கல் நின்றது. இது ஓவியத்தின் குறை அல்ல, வண்ணத்துக்கு விதிக்கப்பட்ட ஆயுள் அவ்வளவு.

மண்ணுக்கு இன்னும் குறைவு. ஆனால் அதற்கும் நம் ஊரில் ஒரு முறை இருக்கிறது. முப்பந்தலில் தொடங்கி மாவட்டம் முழுக்க இசக்கியம்மனுக்குக் கோயில். கையில் பிள்ளையோடு நிற்கிற அந்த மண் உருவத்தைப் பல இடங்களில் மரத்தடியில்தான் வைத்திருப்பார்கள். மழையில் முகம் கரையும், கை உடையும். நேர்ச்சை இருப்பவர்கள் புதிது செய்து வைப்பார்கள். பழையதை யாரும் எடுத்துப் போடுவதில்லை, அது பக்கத்திலேயே மண்ணாகப் போகும். அந்தக் காவுக்குள் ஒருவர் சுடாத களிமண்ணில் செய்த பெண் முகங்களை மருத மரத்து வேர்களுக்கு இடையே வைத்திருந்தார். நான் போனபோதே இரண்டு மழை பெய்து முடிந்திருந்தது. மூக்குகள் போய்விட்டன, ஒரு முகத்தின் கன்னத்தில் பாசி பிடித்திருந்தது. என்னோடு வந்த தோழி, "சூளையில் வைத்துச் சுட்டிருந்தால் நிற்குமே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நிற்கும். நின்றால் அது வீட்டு வரவேற்பறைக்குப் போயிருக்கும்.

இந்த இடத்தில் கேரளத்துச் சிற்பி கானாயி குஞ்ஞிராமன் நினைவுக்கு வந்தார். மலம்புழா அணைத் தோட்டத்தில் 1969ல் அவர் செய்து முடித்த யட்சியைப் பாலக்காடு போன பலரும் பார்த்திருப்பீர்கள். முப்பது அடி உயரம், மலையைப் பின்னால் வைத்துக் கால் அகட்டி உட்கார்ந்திருப்பாள். ஆடையில்லாத உருவம் என்று அன்றைக்குப் பெரிய எதிர்ப்பு. அந்த யட்சியும் நம் இசக்கியும் ஒரே வம்சம்தான். ஆனால் மலம்புழாவில் இருப்பவள் சிமென்ட். அவளுக்கு மேல் வேறு யட்சி வர முடியாது. மரத்தடி இசக்கிக்கு மேல் இசக்கி வந்துகொண்டே இருப்பாள். எனக்கு இரண்டுமே பிடிக்கும். ஆனால் காவுக்கு ஏற்றது எது என்று கேட்டால் மண்தான்.

வெளிநாட்டிலும் இப்படிச் செய்து பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் கிரைஸ்டேல் காட்டில் 1977லிருந்து சிற்பிகளை அழைத்து, அங்கேயே தங்க வைத்து, காட்டில் கிடைப்பதைக் கொண்டே செய்யச் சொன்னார்கள். பல வேலைகள் மக்கிப் போயின, போகட்டும் என்றே விட்டார்கள். இத்தாலியில் ஆர்த்தே செல்லா என்று ஓர் இடம், 1986ல் தொடங்கியது. அங்கே ஜூலியானோ மவுரி என்பவர் சுள்ளிகளைப் பின்னி எண்பது தூண்கள் எழுப்பி, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு மரக்கன்று நட்டார். சுள்ளிக் கூடு மக்கி விழ விழ, உள்ளே இருந்த மரம் தூணாகிவிடும். கணக்குப் போட்டுச் செய்த வேலை! நம்மவர் நேக் சந்த் இதற்கு நேர் எதிர். சண்டிகரில் சாலை ஆய்வாளராக இருந்துகொண்டு, அரசாங்கத்தின் காட்டு நிலத்தில், யாருக்கும் தெரியாமல் பல வருடங்கள் உடைந்த வளையலையும் பீங்கானையும் வைத்துச் சிற்பங்கள் செய்தார். எழுபதுகளின் நடுவில் அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். இடித்துத் தள்ளியிருக்கலாம். நல்லவேளை, 1976ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு, அவரிடமே பொறுப்பையும் கொடுத்தார்கள். பீங்கான் மக்காது. ஆனால் அவர் எடுத்தது ஊர் தூக்கிப் போட்ட குப்பையை.

இப்போது கசப்பான பகுதி. காவின் நடு வழியில் ஃபிளெக்ஸில் அச்சடித்த புகைப்படங்கள் மாட்டியிருந்தார்கள். பறவைகள், சூரிய அஸ்தமனம், முக்கடல். படங்கள் மோசமில்லை. மாட்டிய விதம்தான் கண்ணில் குத்தியது. மூன்று அங்குல ஆணியை அயனி மரத்தில் அடித்து மாட்டியிருந்தார்கள். பட்டைக்கு அடியிலேதான் மரம் வளர்கிற மெல்லிய அடுக்கு இருக்கிறது. அதில் துளை விழுந்தால் நமக்குப் புண் ஆறுவது போல மரத்துக்கு ஆறாது. அந்த இடத்தைச் சுற்றி வேலி கட்டி மூடிக்கொண்டு அதற்கு மேல் வளரும், அவ்வளவுதான். அதற்குள் பூஞ்சை நுழைந்தால் நுழைந்ததுதான். இன்னொருவர் நல்ல பெரிய மருதத்தின் அடிமரத்தைச் சுற்றி எனாமல் பெயின்டில் கண்கள் வரைந்திருந்தார். பட்டையில் இருக்கிற நுண்துளைகள் வழியாகத்தான் அடிமரம் மூச்சு விடுகிறது. சுண்ணாம்பு அடித்தால் பரவாயில்லை, எனாமல் அடைத்துவிடும். கண்கள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தன, எனக்குத்தான் அவற்றைப் பார்க்க முடியவில்லை. அரசியல் கட்சிக்காரர்களும் டியூஷன் சென்டர்காரர்களும் ரோட்டோர மரத்தில் ஆணி அடிக்கும்போது திட்டுகிற நாம், அதையே கலை என்ற பெயரில் செய்தால் சும்மா இருக்க முடியுமா? நடத்தியவர்களிடம் அங்கேயே சொன்னேன். ஒரு பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. இருந்தாலும் மறுவாரம் போன் பண்ணி, ஆணியெல்லாம் பிடுங்கிவிட்டோம், ஓட்டையில் என்ன வைத்து அடைக்கட்டும் என்று கேட்டான். ஒன்றும் வைக்காதே, அப்படியே விடு, அதுதான் மரத்துக்கு நல்லது என்றேன்.

கடைசியாக மயிலாடியிலிருந்து வந்த ஒரு கல். அந்த ஊரின் கல் வேலையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பரம்பரையாகச் சாமி சிலை செய்கிற குடும்பத்துப் பையன் கொண்டுவந்தது. முகம் இல்லை, கை இல்லை. ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி மாதிரி இழைத்திருந்தான். மற்றப் பக்கங்களில் கல்லைப் பிளக்க ஆப்பு வைக்கிற குழிகள் அப்படியே. அதைக் காவின் பழைய நாகர் கற்களுக்கு அருகே, ஆனால் அவற்றுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி வைத்திருந்தான். ஏன் முன்னால் வைக்கவில்லை என்று கேட்டேன். "அவங்கதானே டீச்சர் மூத்தவங்க" என்றான். அங்கே பாம்பும் பின்னலும் தேய்ந்துபோன அந்த நாகர் கற்களைக் கண்காட்சியின் பட்டியலில் யாரும் சேர்த்திருக்கவில்லை. அவனுக்கு மட்டும் தோன்றியிருக்கிறது.

ஷீட்டுகளைக் கழற்றியாயிற்று. ஒட்டிக்கொண்டவை போக மீதியை அந்தப் பெரியவரே கடையில் போட்டுக் காசு வாங்கிக் கொடுத்தார், அவர் சொன்ன விலைக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கிடைத்ததாம். மண் முகங்களை அங்கேயே விட்டுவிட்டார்கள். கல்லும் அங்கேதான் இருக்கிறது, தூக்க ஆள் வேண்டும். வருகிற தை மாதம், மழை ஓய்ந்த பிறகு, இன்னொரு கண்காட்சி நடத்தப் பார்க்கிறார்கள். ரப்பர் இலை உதிர்க்கிற பருவம் அது. தோட்டத்துப் பக்கம் வெளிச்சம் ஏராளமாக வரும், சிவப்புத் துணிக்காரப் பையன் அங்கே கட்டிப் பார்க்கலாம். இந்த முறை ஓலை வேலைக்காரர்கள், மண்பாண்டம் செய்கிற வேளார் வீட்டுக்காரர்கள், வில்லுப்பாட்டுக்குக் குடமும் உடுக்கையும் செய்கிறவர்கள் எல்லாரையும் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். தங்களிடம் காவோ பழைய தோப்போ இருந்து, சில நாள் இடம் தர மனமுள்ள நேயர்கள் வானொலி நிலையத்துக்கு ஒரு கடிதம் போட்டால் பிள்ளைகளிடம் சேர்த்துவிடுவேன். ஆணி அடிக்க மாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பு. நன்றி, வணக்கம்.