கில், கில், கில்... அயர்லாந்தில் யார் யாரைக் கொன்றார்கள்?

(திரையில்: அயர்லாந்து வரைபடம். ஊர்ப் பெயர்கள் ஒவ்வொன்றாகச் சிவப்பில் மின்னுகின்றன.)

கில்டேர். கில்கென்னி. கில்லார்னி. கில்மோர். என்னங்க இது, ஊருக்கு ஊர் கொலையா?

பயப்படாதீர்கள். ஐரிஷ் மொழியில் 'கில்' என்றால் தேவாலயம். துறவியின் சிற்றறையைக் குறிக்கும் 'கெல்லா' என்ற லத்தீன் சொல் அங்கே போய் இப்படி ஆனது. கில்டேர் என்றால் ஓக் மரத்துக் கோயில். ஆனால் காட்டுக்கும் அவர்களிடம் ஏறக்குறைய இதே ஒலியில் ஒரு சொல் உண்டு. ஆங்கிலத்தில் எழுதியபோது இரண்டும் 'கில்' ஆகிவிட்டன. அதனால் ஒரு கில்மோர் பெரிய கோயில், இன்னொரு கில்மோர் பெருங்காடு!

வரலாற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்: 5ஆம் நூற்றாண்டில் கிறித்தவம் வந்தது, 795இல் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வைக்கிங் என்ற கடற்கொள்ளையர் வந்தார்கள், 841இல் டப்ளினில் முகாம் போட்டார்கள். சரி, முடிந்தது.

டப்ளின் என்றால் கருங்குளம். அதன் ஐரிஷ் பெயருக்கோ படல் போட்ட ஆற்றுத்துறை ஊர் என்று பொருள். இரண்டும் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன.

(திரையில்: அருவியைத் தாண்டும் மீன். மெதுவாக ஓட்டவும்.)

இப்போது என் செல்ல ஊருக்கு வருவோம். டப்ளினுக்கு மேற்கே, லிஃபி ஆற்றங்கரையில், லீக்ஸ்லிப். முட்டையிட ஆற்றை எதிர்த்து ஏறும் சால்மன் மீன்கள் அங்கிருந்த அருவியைத் துள்ளித் தாண்டும். அதைப் பார்த்த வைக்கிங்குகள் தங்கள் மொழியில் 'லாக்ஸ் ஹ்லவுப்' என்றார்கள். சால்மன் துள்ளல்! அதுதான் தேய்ந்து லீக்ஸ்லிப் ஆனது. ஐரிஷ் பெயரும் அதே பொருள்தான். அப்புறம் லத்தீனில் எழுதியவர்கள் சும்மா இருப்பார்களா? 'சால்துஸ் சல்மோனிஸ்' என்று எழுதிவைத்தார்கள். அதுவும் சால்மன் துள்ளல்தான்!

இங்கேதான் வேடிக்கை. அந்த 'சால்துஸ்' சுருங்கி, கில்டேர் மாவட்டத்தின் பழைய நிலப் பிரிவுகள் இரண்டுக்கு வடக்கு சால்ட், தெற்கு சால்ட் என்று பெயராகிவிட்டது. உப்பு ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. மீனைக் கழற்றிவிட்டுத் துள்ளலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். இதைப் படித்த அன்று தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

அந்த அருவியை இப்போது தேடிப் போகாதீர்கள். 1940களில் மின்சாரத்துக்காக அணை கட்டினார்கள், அருவி தண்ணீருக்குள் போய்விட்டது.

உங்களுக்கு ஒரு கேள்வி. 1014இல் அரசர் பிரையன் போரு உயிர்விட்ட போர்க்களம் க்ளான்டார்ஃப். அந்தப் பெயருக்குள் ஒரு விலங்கு ஒளிந்திருக்கிறது. கொம்பு உண்டு. கமெண்டில் சொல்லுங்கள், கூகுள் பார்க்காமல்!