தண்ணீரில் மிதக்கும் கொங்கிரீட்! உள்ளே ஒரு கரண்டி சீமெந்துகூட இல்லை!!

[திரையில்: நீல வாளி, விளிம்பு வரை தண்ணீர்]

என் கையில் இருப்பது ஒரு சாம்பல் நிறக் கல். செங்கல் அளவுதான். தட்டினால் கல் மாதிரியே சத்தம் வருகிறது. இதை வாளிக்குள் போடப்போகிறேன். கண்ணை எடுக்காதீர்கள்.

[தொபுக்!]

மிதக்கிறது! அமுக்கினாலும் எழும்பி வருகிறது பாருங்கள்.

வணக்கம் உறவுகளே. வெள்ளவத்தையில் நாலாம் மாடி பல்கனியில் நின்று பேசுகிறேன். பின்னால் டங் டங் என்று கேட்பது பக்கத்து வளவில் எழும்புகிற இன்னொரு பிளட். போன வீடியோவிலும் இதே சத்தம்தான், அடுத்ததிலும் இருக்கும், மன்னித்துக்கொள்ளுங்கள். அங்கே லொறி லொறியாக இறங்குகிற சீமெந்துக்குப் பதிலாக வேறு ஒன்று வருமா என்பதுதான் இன்றைய விஷயம். பெயர் ஜியோபொலிமர். அதிலும் பாரம் குறைந்த வகை.

முதலில் வரலாறு. அரை நிமிடம்தான், ஓடிவிடாதீர்கள். 1824இல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சீமெந்துக்குக் காப்புரிமை எடுத்தார். சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் 1450 பாகை வரை சுட்டால் சீமெந்தின் கரு கிடைக்கும். சுடும்போது அடுப்பு விடுகிற புகை ஒரு பக்கம், சுண்ணாம்புக்கல்லே கழற்றிவிடுகிற கரியமில வாயு மறுபக்கம். உலகம் வெளிவிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 8 வீதம் சீமெந்துக் கணக்கில். 1950களில் கீவில் விக்டர் குளுகோவ்ஸ்கி காரம் (காஸ்டிக் சோடா மாதிரியான பொருள்) கலந்து இறுகும் கலவைகளைச் செய்து பார்த்தார். 1970களில் பிரான்சின் ஜோசப் டேவிடோவிட்ஸ், தீப்பிடிக்காத ஒரு பொருளைத் தேடிப் போய், 'ஜியோபொலிமர்' என்ற பெயரையும் வைத்தார். எகிப்தின் பிரமிட் கற்களே அச்சில் வார்த்தவைதான் என்று சொன்னவரும் இவர்தான். புவியியலாளர்களில் பெரும்பாலானோர் அதை ஏற்கவில்லை. நானும் ஏற்கவில்லை, ஆனால் கேட்க நன்றாக இருக்கிறது. வரலாறு முடிந்தது.

சரி, இது எப்படி இறுகுகிறது? சிலிக்காவும் அலுமினாவும் உள்ள ஒரு தூள் வேண்டும். நிலக்கரிச் சாம்பல் சரி, சுட்ட வெள்ளைக் களிமண்ணும் சரி. இரண்டும் நம்மிடம் உண்டு. நுரைச்சோலை அனல் மின் நிலையம் 900 மெகாவாட், அங்கே நிலக்கரி எரிந்தால் சாம்பல் வரத்தான் செய்யும். வெள்ளைக் களிமண்ணுக்குத் தூரம் போகவே வேண்டாம், பொரலஸ்கமுவ. வெள்ளவத்தையிலிருந்து ஓட்டோவில் போய் வரலாம். அந்தத் தூளில் காஸ்டிக் சோடாவும் சோடியம் சிலிக்கேட்டும் கலந்த கரைசலை ஊற்றினால், தூளில் இருக்கிற சிலிக்கனும் அலுமினியமும் கரைந்து வந்து, ஒக்சிசனைப் பிடித்துக்கொண்டு மறுபடி வலையாகப் பின்னிக்கொள்ளும். அந்த வலைதான் கல். சீமெந்து தண்ணீரைக் குடித்து இறுகும். இது தண்ணீரில் கலந்து, பெரும்பாலும் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு இறுகும்.

இப்போது எனக்குப் பிடித்த இடம். அப்பம்!

சிரிக்காதீர்கள். கல் மிதப்பதற்குக் காரணம் குமிழி. அப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாவுக்குக் கள்ளோ ஈஸ்டோ விட்டுப் பொங்க வைக்கிறோம். தாச்சியில் ஊற்றிச் சுழற்றினால் கரை மொறுமொறு, நடுவில் பஞ்சு. அந்தப் பஞ்சை உடைத்துப் பார்த்தால் ஓட்டை ஓட்டையாக இருக்கும். அதேதான் இங்கேயும். ஈஸ்டுக்குப் பதில் ஐதரசன் பெரொட்சைட். பாமசியில் காயத்துக்குப் போட வாங்குவோமே, அதன் செறிவு கூடிய அண்ணன். காரக் கலவையில் விழுந்ததும் அது தண்ணீராகவும் ஒக்சிசனாகவும் பிரிந்துவிடும். ஒக்சிசன் குமிழியாகி மாவைத் தூக்கும். இல்லாவிட்டால் அலுமினியத் தூள் போடலாம், அப்போது ஐதரசன் குமிழி வரும்.

ஆனால் அப்பம் சுடுகிற எந்த அம்மாவுக்கும் தெரியும், பொங்குவது பெரிய விஷயமே இல்லை. பொங்கினது நிற்கவேண்டும். குமிழி வந்துகொண்டிருக்கும்போதே கலவை இறுகிவிட்டால் கல் வெடிக்கும். குமிழி வந்து முடிந்த பிறகும் இறுகாமல் இருந்தால், சின்னக் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, மேலே வந்து உடைந்து, எல்லாம் பொத்தென்று இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். கொழும்பு வெயிலில் அந்த நிமிடங்களும் சுருங்கும். குமிழிச் சுவர் உடையாமல் பிடித்துவைக்க, சவர்க்காரம் மாதிரியான ஒரு பொருளையோ புரதத்தையோ கொஞ்சம் சேர்ப்பார்கள். முட்டையை அடித்தால் நுரை நிற்கிறதே, அந்தக் கைவேலை.

இந்தக் கல்லைச் செய்து தந்தவன் பொறியியல் படிக்கிற என் ஒன்றுவிட்ட தம்பி. முதல் முறை பெரொட்சைட் கூடிவிட்டது. அச்சுக்குள் ஊற்றிவிட்டு, "அண்ணை, அஞ்சு நிமிஷம், தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்" என்று போனான். திரும்பி வரும்போது கலவை அச்சை விட்டு வெளியே வந்து மேசையில் நடந்துகொண்டிருந்தது. இரண்டாவது இறங்கிப்போய் ரொட்டி மாதிரித் தட்டையானது. இப்போது வாளியில் மிதப்பது மூன்றாவது. நீங்கள் வீட்டில் முயற்சிக்க வேண்டாம். காஸ்டிக் சோடா தோலைத் தின்றுவிடும், கண்ணில் பட்டால் கண் போய்விடும். கையுறை, கண்ணாடி இல்லாமல் அவன் அதன் கிட்டவே போவதில்லை.

கணக்குக்கு வருவோம். 3 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், 10 சென்ரிமீட்டர் தடிப்பில் ஒரு அறைச் சுவர். ஓட்டையில்லாத சீமெந்துக் கல்லில் கட்டினால் சுமார் 1800 கிலோ. இந்த நுரைக்கல் ஒரு கனமீட்டருக்கு 700 கிலோ, ஆகவே அதே சுவர் 630 கிலோ. மிச்சம் 1170 கிலோ. ஓட்டோ ஒன்று ஏறத்தாழ 350 கிலோ. அப்படியென்றால் உங்கள் அறையின் ஒவ்வொரு சுவருக்கும் மேல் மூன்று ஓட்டோக்களை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள், உறவுகளே! பத்து மாடிக்குப் பெருக்கிப் பாருங்கள். அத்தனை ஓட்டோவையும் தாங்கத்தான் தூணும் அத்திவாரமும் கம்பியும் தடிக்கின்றன.

அதோடு குமிழிக்குள் இருப்பது காற்று. காற்று வெப்பத்தை லேசில் கடத்தாது. மேல்மாடியில், மத்தியானம் இரண்டு மணிக்கு, மொட்டை மாடிக்குக் கீழே படுத்துப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

"இதைத்தான் ஏஏசி கல் என்று ஏற்கெனவே விற்கிறார்களே" என்று ஒருவர் கொமெண்ட் போடுவார், தெரியும். ஏஏசியிலும் குமிழிதான். ஆனால் அதற்குச் சீமெந்தும் சுண்ணாம்பும் வேண்டும், பிறகு அழுத்த நீராவியில் 180 பாகைக்கு மேல் அவிக்கவேண்டும். இதற்கு 60, 80 பாகைச் சூடு ஒரு நாள் போதும்.

தூணுக்குப் பாவிக்கலாமா? கூடாது. தூணுக்கான கொங்கிரீட் 25, 30 மெகாபாஸ்கல் தாங்கும். இந்த எடையில் நுரைக்கல் 3, 4 தாங்கினாலே சந்தோஷம். அறை பிரிக்கிற சுவர், மொட்டை மாடிக்கு மேல் ஒரு படை, அவ்வளவுதான் இதன் வேலை. நுரை இல்லாத ஜியோபொலிமர் கொங்கிரீட் வேறு கதை. அவுஸ்திரேலியாவில் துவூம்பாவுக்குப் பக்கத்தில் 2014இல் திறந்த வெல்காம்ப் விமான நிலையத்தில் 40,000 கனமீட்டர் அளவில் போட்டிருக்கிறார்கள்.

அப்போ இங்கே ஏன் வரவில்லை? சாம்பலைச் சீமெந்துக் கம்பனிகளும் வாங்கிக் கலக்கின்றன, அது ஒன்று. மேசன் பாஸுக்குத் தண்ணீர் ஊற்றிக் குழைத்துத்தான் பழக்கம், காரக் கரைசலை ஊற்றி அல்ல, அது இன்னொன்று. ஆனால் பெரிய முடிச்சு காஸ்டிக் சோடாதான். விலை அங்கேதான் ஏறுகிறது. அதைச் செய்யவும் மின்சாரம் வேண்டும் என்பதால் "முழுப் பசுமை" என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். எனக்கு வயிறு எரிவது எங்கே என்றால், காஸ்டிக் சோடா செய்யத் தேவை உப்பும் மின்சாரமும். ஆனையிறவு உப்பை எடுத்துப் பரந்தன் தொழிற்சாலையில் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். போர் வந்தது, 80களில் நின்றது. அங்கே வேலை செய்தவர்களோ அவர்களின் பிள்ளைகளோ இதைப் பார்த்தால் கொமெண்டில் ஒரு வரி எழுதுங்கள். தனி வீடியோவே போடலாம்.

[திரையில்: அதே பல்கனி, மறுநாள் காலை]

ஒரு நிமிடம். நேற்றுக் கல்லை வாளியிலேயே மறந்துவிட்டேன். பாருங்கள், அடியில் கிடக்கிறது. தராசில் வைத்தேன். நேற்று 1 கிலோ, இப்போது ஒன்றரை. குமிழிகள் ஒன்றுக்கொன்று கதவு திறந்து வைத்திருக்கின்றன, இரவு முழுக்கத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. மழைக்காலத்தில் இதை வெளிச்சுவராக, பூசாமல் விட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். தம்பிக்குப் படம் அனுப்பினேன். "நாலாவது கல் செய்யிறன் அண்ணை" என்கிறான்.