உப்பிட்ட ஊரும் மெர்ல் ஹேயும்

(அமெரிக்காவின் அயோவா மாநிலம், டி மொய்ன் நகரத் தமிழ்க் குடும்பங்கள், போரில் மாண்டவர்களை நினைவுகூரும் மெமோரியல் டே அன்று நடத்திய கூட்டத்தில் ஆற்றிய உரை)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, நம் அழைப்பை ஏற்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அமெரிக்கன் லீஜன் என்னும் முன்னாள் படைவீரர் சங்கத்துப் பெரியவர்களே, காலையிலிருந்து பந்தியைக் கவனிக்கும் தாய்மார்களே, தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளே, வணக்கம்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். மூன்று செய்தி சொல்ல வந்தேன்: மெர்ல் ஹே யார், நம் அயோவாவின் கிளிடன் ஊர் லீஜன் கிளைக்கு அவர் பெயர் ஏன், லீஜன் இந்த நாட்டுக்குச் செய்தது என்ன.

மெர்ல் ஹே ரோட்டில் வண்டி ஓட்டாதவர் இந்த மண்டபத்தில் உண்டா? அந்தப் பெயருக்கு உரியவன் 21 வயதுப் பையன். கிளிடன்காரன். முதல் உலகப் போர் நடந்த 1917-ல், மே மாதம் பட்டாளத்தில் சேர்ந்தான். நவம்பர் 2 இரவு, பிரான்சில் பாத்லெமோன் கிராமத்தருகே அவன் படைப்பிரிவு முதன்முதலாகப் பதுங்குகுழியில் இறங்கியது. ஒரு ராத்திரிகூட முழுசாகக் கழியவில்லை, அய்யா! விடிவதற்குள் ஜெர்மன் பீரங்கிகள் முழங்கின. முழக்கம் நின்றதும் எதிரிகள் குழிக்குள்ளேயே குதித்தார்கள். கும்மிருட்டில் கைகலப்பு. கிரெஷாம், என்ரைட், ஹே மூவரும் விழுந்தார்கள். அந்தப் போரில் எதிரியோடு நேருக்கு நேர் மோதி மாண்ட முதல் அமெரிக்கச் சிப்பாய்கள் அவர்கள்தாம். அடக்கத்தின்போது பிரெஞ்சுத் தளபதி போர்தோ, இந்தப் பிள்ளைகளை எங்களிடமே விட்டுவிடுங்கள் என்று கேட்டார். பெற்ற மனம் கேட்குமா? 1921-ல் ஹேயின் உடல் ஊர் வந்தது. கிளிடன் தன் கல்லறைத் தோட்டத்துக்கே அவன் பெயரைச் சூட்டியது. பாத்லெமோன்காரர்கள் மூவருக்கும் எழுப்பிய நினைவுக்கல்லை, இரண்டாம் உலகப் போரில், 1940-ல் ஜெர்மானியர் தகர்த்தார்கள். போர் முடிந்தபின் மறுபடி எழுப்பினார்கள். நடுகல்லுக்குப் படையல் வைத்த வம்சத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை!

லீஜன் 1919 மார்ச்சில் பாரிசில் கூடிய சிப்பாய்கள் தொடங்கியது. உயிரோடிருப்பவர் பெயரைக் கிளைக்கு வைக்கக் கூடாதென்பது அதன் விதி. அதனால்தான் ஊருக்கு ஊர், வீடு திரும்பாத ஒரு பிள்ளையின் பெயர் பலகையில் இருக்கிறது. படைவீரர்களுக்குப் படிப்பும் வீட்டுக்கடனும் தந்த 1944-ஆம் ஆண்டுச் சட்டத்தை லீஜன்தான் வரைந்து கொடுத்தது. அதை விரிக்க நேரமில்லை. அதைவிட அவசரமான காரியம் ஒன்று இருக்கிறது.

முன்வரிசைப் பெரியவர்களைப் பாருங்கள். வியட்நாம் போனவர்களுக்கே எழுபது தாண்டிவிட்டது. அவர்கள் கதையை யார் எழுதி வைப்பது? நம் பிள்ளைகள் எழுதட்டும்! ஒரு பிள்ளை, ஒரு பெரியவர், ஒரு கோடை விடுமுறை. ஆங்கிலத்தில் பதிவு செய்து தமிழிலும் எழுதட்டும். உப்பிட்டவரை நினைப்பதென்றால் எனக்கு இதுதான்.

வாசல் மேசையில் தாள் வைத்திருக்கிறோம். சாப்பிடப் போகுமுன் பிள்ளையின் பெயரையும் வயதையும் எழுதிவிட்டுப் போங்கள்.