பாவி என்று சொல்வதும் பாவத்தைச் சொல்வதும்

நண்பர்களே, வணக்கம். இன்றைக்குப் பேச எடுத்துக்கொண்டது நத்தானியேல் ஹாதார்ன் எழுதி 1850இல் வெளிவந்த 'தி ஸ்கார்லெட் லெட்டர்'. உங்களில் பலர் கல்லூரியில் பாடமாகப் படித்திருப்பீர்கள், அதனால் கதையை நீட்டி முழக்கப் போவதில்லை. 1640களின் அமெரிக்க பாஸ்டன், கண்டிப்பான ஒழுக்கம் பேசும் பியூரிட்டன் கிறிஸ்தவர்கள் ஆளும் ஊர். புருஷன் ஊரில் இல்லாத ஹெஸ்டர் பிரின்னுக்குக் குழந்தை பிறக்கிறது. கைக்குழந்தையோடு தண்டனை மேடையில் மூன்று மணி நேரம் நிற்க வேண்டும், ஆயுள் முழுக்க நெஞ்சில் சிவப்பு 'ஏ' எழுத்தை, அதாவது கள்ள உறவைக் குறிக்கும் 'அடல்ட்ரி' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தை, அணிய வேண்டும் என்பது தீர்ப்பு. குழந்தைக்குத் தகப்பன் யாரென்று அவள் வாயே திறக்கவில்லை. அந்தத் தகப்பன் ஊரே தலையில் வைத்துக் கொண்டாடும் இளம் போதகர் ஆர்தர் டிம்ஸ்டேல். மேலே மாடத்தில் நின்றுகொண்டு, 'உன்னோடு பாவம் செய்தவன் பெயரைச் சொல்' என்று எல்லார் முன்னாலும் அவளைக் கேட்கும் வேலை அவர் தலையிலேயே விழுகிறது. கேட்கவும் செய்கிறார்.

அப்புறம் ஏழு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தார் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அவர் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்! பிரசங்க மேடையில் ஏறி, நான் பாவிகளிலெல்லாம் கொடிய பாவி, அருவருப்பானவன் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். சபை அதைக் கேட்டு எழுந்து வந்து அவரை இழுத்துக் கீழே தள்ளியதா? இல்லை. இவ்வளவு தூய ஆத்மாவே தன்னிடம் இத்தனை அழுக்கைப் பார்க்கிறதென்றால் நம் கதி என்ன என்று உருகிப்போய், முன்னைவிட அதிகமாகக் கும்பிடுகிறது. இப்படித்தான் நடக்கும் என்பது அவருக்கும் தெரியும், ஹாதார்ன் அதைக் கூசாமல் எழுதுகிறார். சொன்னது முழு உண்மை, ஆனால் அவர் வாயிலிருந்து வெளியே வரும்போது அது முழுப் பொய்யாக மாறிவிடுகிறது. இந்த நாவலில் என்னை மிகவும் உலுக்கிய இடம் இதுதான். 'நான் பாவி' என்பது யார் வேண்டுமானாலும் சொல்லக்கூடிய வாக்கியம், சொன்னால் மரியாதை கூடுமே தவிர குறையாது. என்ன செய்தேன், யாருக்குச் செய்தேன் என்று சொல்லும்போதுதான் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

அவருடைய அலமாரியில், பூட்டுக்குள், ஒரு சாட்டை இருக்கிறது. ராத்திரியில் தன்னைத்தானே அடித்துக்கொள்கிறார், முழங்கால் நடுங்கும்வரை உபவாசம் இருக்கிறார். கத்தோலிக்கர் என்றால் குருவிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்திருப்பார், பியூரிட்டன் போதகருக்கு அந்த வாசலும் இல்லை. குருவின் இடத்தில் வந்து உட்கார்ந்தது யார் தெரியுமா? மருத்துவராக ஒரே வீட்டில் குடியேறிய சில்லிங்வொர்த், ஹெஸ்டரின் புருஷன்! அவருக்கு வேண்டியது மன்னிப்பதற்கான வாக்குமூலம் இல்லை, நோண்டிப் பார்ப்பதற்கான வாக்குமூலம்.

ஒரு நாள் நள்ளிரவில் டிம்ஸ்டேல் அதே தண்டனை மேடையில் போய் ஏறுகிறார். ஊர் தூங்குகிறது. ஹெஸ்டரும் குழந்தை பேர்லும் அந்த வழியாக வர, மூவரும் கைகோத்து நிற்கிறார்கள். குழந்தை கேட்கிறது: நாளைக்கு மதியம் அம்மாவோடும் என்னோடும் இங்கே நிற்பீர்களா? நாளைக்கு இல்லையாம், நியாயத்தீர்ப்பு நாளில் நிற்பாராம். மறுநாள் காலை கோயில்பிள்ளை, அதாவது தேவாலயப் பணியாள், ஒரு கறுப்புக் கையுறையோடு வருகிறார். 'ஐயா, இது உங்களுடையதுதானே, தண்டனை மேடையில் கிடந்தது, உங்களைக் கேலி செய்ய சாத்தான் திருடிக்கொண்டு போய்ப் போட்டிருக்கிறான்.' போதகர் நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறார். 'ஆமாம், நான்தான் விட்டுவிட்டு வந்தேன்' என்று சொல்ல அதைவிட நல்ல வாய்ப்பு வருமா? ஒரு கையுறை அளவு உண்மையைக்கூட அவரால் சொல்ல முடியவில்லை.

சரி, கடைசியில் பட்டப்பகலில் மேடை ஏறிச் சொல்லிவிடுகிறாரே என்பீர்கள். அந்தப் பேச்சை இன்னொரு முறை கவனித்துப் படியுங்கள். உலகத்தின் ஒரே பாவியைப் பாருங்கள் என்று ஆரம்பிக்கிறார், பிறகு 'உங்கள் நடுவே ஒருவன் இருந்தான், அவன் மேலும் அந்த முத்திரை இருந்தது' என்று படர்க்கைக்குப் போய்விடுகிறார். 'இது என் பிள்ளை' என்ற நேரான வாக்கியம் அந்தப் பேச்சில் இல்லவே இல்லை. மார்பைத் திறந்து காட்டுகிறார், குழந்தையிடம் முத்தம் கேட்கிறார், செத்துப்போகிறார். கூட்டத்தில் சிலர் பிற்பாடு என்ன சொன்னார்கள்? மார்பில் ஒன்றுமே இல்லை, அவர் எந்தக் குற்றத்தையும் ஒப்புக்கொள்ளவில்லை, மனிதர் எல்லாரும் பாவிகளே என்று உணர்த்தத்தான் அந்தப் பெண்ணின் கையில் உயிரை விட்டார் என்று சாதித்தார்கள். அப்படிச் சாதிக்க அவர் இடம் வைத்துவிட்டுத்தான் போனார். என் கோபம் அங்கேதான்.

ஹாதார்னுக்கு இது வெறும் கதை இல்லை. அவருடைய மூதாதை ஜான் ஹாதார்ன், 1692இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்துச் சேலம் ஊரில் நடந்த சூனிய வழக்குகளை விசாரித்த நீதிபதிகளில் ஒருவர். 19 பேரைத் தூக்கில் போட்டார்கள், கைல்ஸ் கோரி என்ற முதியவர் மேல் பாறாங்கற்களை ஏற்றி நசுக்கினார்கள். ஜான் ஹாதார்ன் அதற்காக வருந்தியதாக எந்தப் பதிவும் இல்லை. இந்த நாவலின் முன்னுரையிலேயே அவருடைய எள்ளுப்பேரன் நத்தானியேல், முன்னோர்களுக்காக அந்த அவமானத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுதுகிறார்.

அதே நீதிமன்றத்தில் ஜான் ஹாதார்னோடு உட்கார்ந்திருந்த இன்னொருவர் சாமுவேல் சூவல். 1697 ஜனவரி 14, மாகாணமே உபவாசம் இருந்த நாள். பாஸ்டன் சபையில், தான் எழுதிக் கொடுத்த சீட்டைப் போதகர் சாமுவேல் வில்லார்ட் வாசிக்க, சூவல் எழுந்து எல்லார் முன்னாலும் நின்றார். அந்தச் சீட்டில் சேலம் என்று ஊர் பெயர் இருந்தது, தான் உட்கார்ந்த அந்த விசாரணை மன்றத்தின் பெயர் இருந்தது, பழியும் வெட்கமும் என்னுடையவை என்று இருந்தது. வாசித்து முடித்ததும் தலை வணங்கினார். பிறகு அதே ஊரில், தன்னால் உறவுகளை இழந்தவர்கள் வாழ்ந்த அதே மாகாணத்தில், 1730 வரை உயிரோடு இருந்தார், நீதிபதி வேலையையும் தொடர்ந்து பார்த்தார். 1700இல், மனிதரை அடிமைகளாக விற்பதைக் கண்டித்து ஒரு பிரசுரமும் எழுதி வெளியிட்டார்.