வெறும் வயிற்றில் எடுக்கிற முடிவு

நடுவர் அவர்களே, எங்கள் அணித் தோழர்களே, இதுவரை நன்றாகவே பேசிய எதிரணி நண்பர்களே, சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள், சாப்பிடாமல் ஓடி வந்தவர்கள் என்று இரண்டு கட்சியாக உட்கார்ந்திருக்கும் கோவை மக்களே, அனைவருக்கும் வணக்கம்.

தாமதமாக வந்தவர்களுக்காகத் தலைப்பைச் சொல்லிவிடுகிறேன். கணவனும் மனைவியுமாக வார இறுதியில் ஒரு பெருநகரத்துக்குப் போகிறார்கள். எங்கே சாப்பிடுவது என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்வது நல்லதா, போன இடத்தில் பசிக்கிறபோது முடிவு செய்வது நல்லதா? புறப்படும் முன்பே என்று வாதாட வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் சற்று முன் என்ன சொன்னார்? "பயணம் காற்று மாதிரி இருக்க வேண்டும்; பட்டியல் போட்டுக்கொண்டு போனால் அது பயணமில்லை, ஆடிட்" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும்தான் தட்டினேன், அழகான பேச்சு. ஆனால் அந்த அழகான பேச்சில் ஒரு கடையின் பெயர் வந்ததா? ஒரு தெருவின் பெயர்? ஒரு பலகாரத்தின் பெயர்? சாப்பாட்டைப் பற்றி இவ்வளவு நேரம் பேசி ஒரு இட்லியைக்கூடக் கண்ணில் காட்டாத பேச்சை நான் இன்றுதான் கேட்கிறேன்.

எனவே நான் ஊர் பெயரைச் சொல்லிவிட்டே பேசுகிறேன். கோவைக்காரர்கள் வார இறுதி என்றால் பாதிப் பேர் ஊட்டிக்குப் போகிறோம். அது பெருநகரம் இல்லை, தள்ளிவிடுங்கள். மீதிப் பேர் பெங்களூருக்கு. வெள்ளிக்கிழமை இரவு காந்திபுரத்தில் பஸ் ஏறினால் சனிக்கிழமை பொழுது புலரும் முன்னே மடிவாளாவில் இறக்கிவிட்டுவிடுவார்கள். லாட்ஜில் அறை பன்னிரண்டு மணிக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை இரவு மறுபடி பஸ். கணக்குப் போட்டுப் பாருங்கள்: சனிக்கிழமை மூன்று வேளை, ஞாயிற்றுக்கிழமை மூன்று வேளை, ஆக மொத்தம் ஆறே வேளை. ஒரு மாதம் தங்குகிறவன் காற்றாகத் திரியலாம், புயலாகக்கூடத் திரியலாம். ஆறு வேளைக்காரனுக்கு ஒரு வேளை வீணானால் ஆறில் ஒரு பங்கு பயணமே வீண்.

எதிரணி என்ன சொல்கிறது? பசிக்கும்போது முடிவு செய்துகொள்ளலாம் என்கிறது. பசி வந்திடப் பத்தும் பறந்து போகும் என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். அந்தப் பத்து எவை என்று யாராவது எண்ணிப் பார்த்ததுண்டா? மானம், குலம், கல்வி, வண்மை, அறிவு, தானம், தவம், உயர்ச்சி, முயற்சி. இது ஒன்பது. பத்தாவது என்ன தெரியுமா? தேனொழுகப் பேசும் பெண்ணின்மேல் வைத்த ஆசை! நான் சொல்லவில்லை, பழைய பாட்டு சொல்கிறது. பசி வந்தால் காதலும் பறந்துவிடும் என்று பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்துவிட்டார்கள். அப்படிப்பட்ட நேரத்தைத்தான் புருஷனும் பெண்டாட்டியும் கூடிப் பேசி முடிவெடுக்க உகந்த நேரம் என்று எதிரணி குறித்துக் கொடுக்கிறது.

அந்த முகூர்த்தம் எப்படியிருக்கும் என்று பாருங்கள். பிற்பகல் இரண்டு மணி. பிரிகேட் ரோடு நடைபாதை. தோளில் பை. அம்மா ஆரம்பிப்பார்: "ஏனுங்க, எங்கே சாப்பிடலாம்?" ஐயா பதில் சொல்வார்: "எதுவானாலும் சரி." இல்லற வாழ்க்கையில் இதைவிட ஆபத்தான வாக்கியம் கிடையாது. "அப்படியானால் இந்தக் கடைக்குப் போகலாமா?" "இதுவா? கூட்டமாக இருக்கிறதே." "அதோ அது?" "அங்கே விலை அதிகமாக இருக்கும் போலிருக்கிறது." "எதுவானாலும் சரி என்றீர்களே!" அவ்வளவுதான். அதற்குப் பிறகு பேச்சு சாப்பாட்டைப் பற்றி இருக்காது. கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டுப் பந்தியில் பாயசம் தீர்ந்துபோனது வரைக்கும் போகும். கடைசியில் கண்ணெதிரே தெரிகிற, எந்த ஊரிலும் இருக்கிற, எந்த ஊருக்கும் சொந்தமில்லாத ஒரு கண்ணாடிக் கதவுக் கடைக்குள் நுழைவார்கள். பணியாள் வந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றிவிடுவார். அதன் பிறகுதான் விலைப்பட்டியலைத் திறப்பார்கள். தண்ணீர் ஊற்றிய பிறகு எழுந்து வருகிற தைரியம் நம்மவர்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது? இரண்டு பேரும் விலையைப் பார்த்து, ஒருவரை ஒருவர் பார்த்து, "எனக்கு அவ்வளவாகப் பசியில்லை" என்று ஒரே நேரத்தில் சொல்வார்கள்.

கடைகளின் கதைக்கு வருவோம். எதிரணி நண்பர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். நமக்குப் பசி எந்த நேரத்திலும் வரலாம். ஆனால் கடைக்கு என்று ஒரு நேரம் இருக்கிறது, ஒரு கிழமை இருக்கிறது. பெங்களூரில் பெயர் பெற்ற பழைய கடைகள் பல காலையில் திறந்து, முற்பகலோடு சாத்தி, மறுபடி மாலையில் திறப்பவை. காந்தி பஜாரில் இருக்கிறதே வித்யார்த்தி பவன், 1943-இல் அக்கம்பக்கத்து மாணவர்களுக்காகத் தொடங்கிய சிற்றுண்டிக் கடை, அதற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. லால்பாக் பக்கத்தில் 1924 முதல் இருக்கிற எம்.டி.ஆர்., அதாவது மாவள்ளி டிபன் ரூம், திங்கட்கிழமை விடுமுறை. சங்கரபுரத்தில் பிராமின்ஸ் காபி பார், 1965-இல் தொடங்கியது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. வெள்ளியோ திங்களோ சேர்ந்து மூன்று நாள் விடுமுறை கிடைத்ததென்று கிளம்புகிறவர்கள் இந்த மூன்று வரியைத் தெரிந்துகொள்ளாமல் போனால், பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு வரலாம்.

இப்போது முன்பே யோசித்த ஒரு தம்பதியைப் பாருங்கள். மடிவாளாவில் இறங்குகிறார்கள். அறை கிடைக்கப் பகலாகும் என்று தெரியும். வித்யார்த்தி பவன் ஆறரைக்குத் திறக்கும் என்றும் தெரியும். முகத்தைக் கழுவிக்கொண்டு ஆட்டோ பிடிக்கிறார்கள். கூட்டம் சேரும் முன் மேசை கிடைத்துவிடுகிறது. வேட்டி கட்டிய பரிமாறுபவர் ஒருவர் உள்ளிருந்து வருகிறார். மணிக்கட்டில் தொடங்கித் தோளை நோக்கி ஒன்றன்மேல் ஒன்றாகத் தோசைத் தட்டுகள். மறு கை சும்மா இருக்கிறது. எந்தத் தட்டும் ஆடவில்லை. மேசை மேசையாக ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே போகிறார். தோசை நம் ஊர் ரோஸ்டைப் போல இலையைத் தாண்டி நீளாது. சின்னது, தடிமனானது, மேலே செம்பழுப்பாக மொறுமொறுவென்று, உள்ளே பஞ்சாக, தொட்ட விரலில் நெய். துணைக்குத் தளரக் கரைத்த தேங்காய்ச் சட்னி. இதே கடைக்குச் சனிக்கிழமை ஒன்பதரை மணிக்குப் போனால் வாசலில் பெயரைக் கொடுத்துவிட்டு, கூப்பிடும்வரை நடைபாதையில் நிற்க வேண்டும். அப்போது எதிரணி நண்பர் காற்று மாதிரி நிற்கலாம், கீழே வெயில் இருக்கும், மேலே வெயில் இருக்கும்.

அங்கிருந்து அதிக தூரமில்லை பிராமின்ஸ் காபி பார். நின்றுகொண்டேதான் சாப்பிட வேண்டும். இட்லி, வடை, காரா பாத், அதாவது நம் ரவை உப்புமா, கேசரி பாத், அதாவது நம் கேசரி, காபி. பட்டியல் ஏறக்குறைய அவ்வளவுதான். சாம்பார் கிடையாது. சட்னி வேண்டுமளவு ஊற்றுவார்கள். தெரியாமல் போகிற கோவைக்காரர் "சாம்பார் எங்கே?" என்று கேட்டு முகம் சுளிப்பார், தெரிந்து போகிறவர் சட்னிக்காகவே இன்னொரு இட்லி வாங்குவார். பெங்களூரில் வேறு பல இடங்களில் சாம்பார் தித்திக்கும், வெல்லம் சேர்ப்பார்கள். அதுவும் முன்பே தெரிந்தால் ருசி; தெரியாவிட்டால் "சமைத்தவன் ஏமாற்றிவிட்டான்" என்று கோபம். கடையின் விலாசத்தை மட்டும் தேடுவதை நான் திட்டமிடல் என்று சொல்லவே மாட்டேன். அந்தக் கடையில் எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்கக் கூடாது என்று தெரிந்துகொண்டு போவதுதான் பாதித் திட்டம். எம்.டி.ஆருக்குப் போய் இட்லி என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வருகிறவர்கள் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரிசி கிடைக்காமல் ரவையில் செய்து பார்த்ததுதான் ரவா இட்லி, அது எங்கள் அடுக்களையில் பிறந்தது என்று சொல்கிற கடை அது. அங்கே போய் ரவா இட்லி சாப்பிடாமல் வந்தால் எதற்குப் போனீர்கள்?

எதிரணிச் சகோதரி ஒருவர், "முன்பே தேடினால் கைப்பேசியில் வருகிற நட்சத்திரங்களைத்தானே நம்ப வேண்டும், அதில் பாதி விளம்பரம்" என்றார். பாதி என்று குறைத்துச் சொல்லிவிட்டார். நட்சத்திரங்களை நானும் நம்புவதில்லை. ஆனால் ஒரு கேள்வி, சகோதரி. நடுத்தெருவில் பசியோடு நிற்கிறவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? அதே கைப்பேசியை, அதே நட்சத்திரங்களை, பத்து சதவீத சார்ஜோடு பார்க்கிறார்கள். வீட்டில் உட்கார்ந்து திட்டமிடுகிறவர்களுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. பெங்களூரில் மகளைக் கட்டிக்கொடுத்த எதிர் வீட்டு அக்காவிடம் கேட்கலாம். அங்கே வேலை பார்க்கிற தம்பியிடம், "நீ சம்பளம் வாங்கிய நாளில் எங்கே போவாய்?" என்று கேட்கலாம். அந்த ஒரு கேள்விக்கு வருகிற பதில் ஐந்நூறு நட்சத்திரங்களுக்குச் சமம்.

இரண்டு பேர் என்பதைத் தலைப்பே சொல்கிறது; அதற்கு வருகிறேன். ஒருவர் சைவம், ஒருவர் அசைவம் என்றால் என்ன செய்வது? இருவரும் அசைவம்தான், ஆனால் போகிற நாள் புரட்டாசிச் சனிக்கிழமை என்றால்? பெங்களூரில் மிலிட்டரி ஹோட்டல் என்று ஒரு வகை உண்டு. பட்டாளத்துக்கும் அதற்கும் இன்று சம்பந்தமில்லை. அசைவக் கடை என்று அர்த்தம். ராகி முத்தே, அதாவது நம் கேழ்வரகுக் களி, ஆட்டுக்கறிக் குழம்பு, தொன்னையில் வைத்துக் கொடுக்கும் பிரியாணி. களியை மெல்லாமல் குழம்பில் புரட்டி விழுங்க வேண்டும். நல்ல கடையில் மதியம் சாய்வதற்குள் பாத்திரம் காலியாகிவிடும். ஐயா அதற்கு ஆசைப்படுகிறார், அம்மா சைவம். புறப்படும் முன் பேசினால் தீர்ந்தது: சனிக்கிழமை மதியம் உங்களுக்கு, ஞாயிற்றுக்கிழமை மதியம் எனக்கு. விட்டுக்கொடுத்த மாதிரியும் ஆயிற்று, வாங்கிக்கொண்ட மாதிரியும் ஆயிற்று. அங்கே போய்ப் பேசினால் என்ன நடக்கும்? யார் குரல் பெரிதோ அவர் ஆசைப்பட்ட கடை. அல்லது யார் முகம் நீளமோ அவர் ஆசைப்பட்ட கடை. பெரும்பாலும் விட்டுக்கொடுப்பது ஒரே ஆளாக இருக்கும், அது யாரென்று இந்த அவையில் இருக்கும் தாய்மார்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இந்தத் தலைப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான், நடுவர் அவர்களே. முன்கூட்டிப் பேசுவது தோசைக்காக மட்டும் இல்லை. வாய் திறக்காதவரின் ஆசையும் அந்த ஆறு வேளையில் ஒரு வேளையாக இடம் பிடிப்பதற்காக.

தங்குமிடமும் இதில் மாட்டிக்கொண்டிருக்கிறது. மலிவாகக் கிடைத்ததென்று ஊர்க்கோடி ஒயிட்ஃபீல்டில் அறை போட்டுவிட்டு, வித்யார்த்தி பவன் இருக்கிற பசவனகுடியில் காலைச் சிற்றுண்டி என்று கனவு கண்டால், அந்த ஊர்ப் போக்குவரத்தில் அது மதியச் சாப்பாடாகிவிடும். நான் சொன்ன கடைகளின் பக்கம் போக, மெட்ரோவின் பச்சை வழித்தடத்தில் நேஷனல் காலேஜ், லால்பாக் இரண்டும் அடுத்தடுத்த நிலையங்கள். வடக்கே அதே தடத்தில் சம்பிகே ரோட்டில் இறங்கினால் மல்லேஸ்வரம், அங்கே சி.டி.ஆர். என்ற சிற்றுண்டிக் கடையின் வெண்ணெய் தோசை. எங்கே சாப்பிடப் போகிறோம் என்று தெரிந்தால் எங்கே தங்குவது என்பது தானே தெரிந்துவிடும். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

எதிர்பாராத இன்பமே வேண்டாமா என்று எதிரணி கேட்கலாம். வேண்டும். சனிக்கிழமை இரவு ஒரு வேளையை நானே காலியாக விட்டுத் தருகிறேன். வி.வி.புரம் தின்பண்டத் தெருவுக்குப் போங்கள், மாலையில்தான் களைகட்டும். ஒரு கடையில் ஒரு தோசையைப் பாதிப் பாதியாக, அடுத்த கடையில் ஒரு ஹோளிகே, அதாவது நம் போளி, சூடாக நெய் விட்டு. அவரை சீசனில் போனால் எல்லாவற்றிலும் அவரைக்கொட்டை. பட்டியலே வேண்டாம், கண் போன கடையில் வாங்குங்கள். ஆனால் எதிரணி நண்பர்களே, காற்றாக அலைவதற்குக்கூட இந்தத் தெரு என்று நான்தானே தேர்ந்து கொடுத்தேன்!

மணி அடிக்கிறார்கள். எனக்குப் பின் எதிரணியிலிருந்து ஒரு தம்பி பேச வருகிறார். அவருக்கு ஒரு கேள்வி வைத்துவிட்டு அமர்கிறேன். தம்பி, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணி. அறையைக் காலி செய்துவிட்டுப் பெட்டியோடு லால்பாக் வாசலில் நிற்கிறீர்கள். காலையில் நேரமாகிவிட்டதென்று சாப்பிடவில்லை. எம்.டி.ஆரில் மதியச் சாப்பாடு முடிந்துவிட்டது. பிராமின்ஸ் விடுமுறை. மல்லேஸ்வரம் சி.டி.ஆர். நான்கு மணிக்குத்தான் திறக்கும், அது ஊரின் அந்தப் பக்கம். பக்கத்தில் உங்கள் மனைவி, அரை மணி நேரமாக ஒன்றும் பேசவில்லை. இப்போது திரும்பி, "ஏனுங்க, எங்கே சாப்பிடலாம்?" என்று கேட்கிறார். என்ன சொல்வீர்கள்? "எதுவானாலும் சரி" என்பதைத் தவிர வேறு எந்தப் பதிலானாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.